வடியாத உதட்டு வீக்கம்

ஏழாம் வகுப்பில் என் மாணவி ஒருத்தி மேலுதடு வீங்கி வந்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்து, "இரண்டு நாளில் வடிந்துவிடும்மா" என்றேன். வடியவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்ததால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். வாய்விட்டு வாசிப்பதையும் நிறுத்தினாள். அவள் அம்மாவை அழைத்து நான் பேசியபோது மூன்று மாதம் ஓடியிருந்தது. அந்தத் தாமதத்தில் என் பங்கும் உண்டு.

பிறகு தோல் மருத்துவரிடம் கேட்டு அறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

ஒவ்வாமையாலும் பூச்சிக்கடியாலும் வரும் வீக்கம் பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். சொத்தைப் பல்லால் வருவதில் வலி இருக்கும். வலியில்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் நிற்கும் வீக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குடலைப் பாதிக்கும் கிரோன் நோய் போன்ற தொற்றல்லாத காரணங்களும் இதற்கு உண்டு. அரிதாகக் காசநோயும் தொழுநோயும்கூட உதட்டில் இப்படித் தோன்றலாம். ராஜஸ்தானின் பிகானீர் போன்ற வறண்ட பகுதிகளில் மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா தொற்றும் காரணமாகலாம். அதனால்தான் மருத்துவர், "வெளியூரில் தங்கியிருந்தீர்களா? வீட்டில் யாருக்கேனும் நாள்பட்ட இருமல் உண்டா?" என்று கேட்கிறார்.

இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. உதட்டிலிருந்து சிறு துணுக்குத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுகூடிக் கட்டிய 'கிரானுலோமா' என்னும் முடிச்சுகள் தெரியலாம். ஆனால் மேலே சொன்ன நோய்கள் பலவற்றிலும் அவை உண்டு. ஆகவே கிருமியைத் தேடிச் சிறப்புச் சாயமேற்றுவார்கள். சிபிநாட் சோதனையில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். கிருமியை வளர்த்தும் பார்ப்பார்கள். வளர்ப்புச் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். திசுவில் கிருமி குறைவாக இருந்தால் ஒரு சோதனையில் தப்பிவிடலாம். எனவே மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். தொழுநோய்க்கு, உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு உள்ளனவா என்று உடல் முழுவதும் பார்ப்பார்கள்.

இவ்வளவு சோதனை எதற்கு? தொற்றல்லாத வகைக்கு ஸ்டீராய்டு தருவதுண்டு. தொற்று இருக்கும்போது அதைத் தந்தால் முதலில் வீக்கம் குறைவதுபோலத் தோன்றும். உள்ளே எதிர்ப்பாற்றல் குறைந்து கிருமி பெருகும். கடையில் தானாக வாங்கிப் பூசும் களிம்பிலும் இந்த ஆபத்து உண்டு.

என் மாணவிக்கு வந்தது காசநோய். நுரையீரலில் பாதிப்பு இல்லை. பள்ளிக்கு வரலாம் என்றார் மருத்துவர். அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் இலவச மாத்திரை, வீக்கம் வடிந்தது.

நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையன்று. ஆனால் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்ப்பவர்கள் நாம். வீக்கம் கண்ட தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் வடியாவிட்டால் பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நோயின் பெயர் வகுப்பறைக்குள் வர வேண்டாம்.

இப்போது அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கிறாள்.