பாம்பு கடித்தால் நேரமே உயிர்



கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் வேலை ஓயாது. ராத்திரி மடை திறக்கப் போக வேண்டும். விடியுமுன் திராட்சைப் பந்தலுக்குள் நுழைய வேண்டும். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே பாம்புக்கடி நம் வீட்டில் யாருக்கும் நேரலாம். மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எவை ஆபத்தானவை?

நம் நாட்டில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் விஷம் நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும். மற்ற இரண்டின் விஷம் இரத்தத்தை உறைய விடாது; கண்ணாடி விரியனின் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இராது, வீக்கம் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி வரும், கண் இமை சொருகும், பேச்சுக் குழறும். "ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கலை" என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

"மந்திரிச்சே பிழைச்சாரே?"

இப்படிக் கேட்பவர் உண்டு. பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் மந்திரித்தாலும் பிழைப்பார், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார். விஷம் ஏறியவருக்கோ, வேப்பிலை அடிப்பதிலும், மிளகு கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பதிலும் உயிர் காக்கும் நேரம் போய்விடுகிறது.

செய்யக் கூடாதவை

கயிறு, துணி கொண்டு இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்தே டாக்டர் மருந்து கொடுப்பார்.

செய்ய வேண்டியவை

கடிபட்டவரைப் படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கடிபட்ட கை காலுக்குச் சிம்பு வைத்து அசையாமல் பாருங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன, க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எது அருகிலோ அங்கே போங்கள்.

மருந்து உண்டு

பாம்பு விஷமுறிவு ஊசி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில் முன்னிற்பது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கப்பட்டது அது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம்.

கர்ப்பிணிக்கும் இதைக் கொடுக்கலாம், தயங்க வேண்டாம். குழந்தைக்கும் பெரியவர் அளவே கொடுக்கப்படும். ஏனென்றால் ஆள் சின்னவரா பெரியவரா என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. ஏலத்தோட்டங்களில் உள்ள மலைக் குழிவிரியன்களுக்கு இது தக்க மருந்தல்ல. ஆனாலும் அங்கே கடிபட்டவரும் மருத்துவமனைக்கே வர வேண்டும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஒவ்வொரு கடியும் பதிவானால்தான், எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்பது தெரியும்.

வருமுன் காப்போம்

ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறீங்களா? டார்ச் லைட்டும் பூட்ஸும் இல்லாமல் போகாதீங்க. தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டை ஒட்டி அடுக்காதீர்கள்.

பாம்பு கடித்ததா? கட்டு வேண்டாம், கத்தி வேண்டாம், காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை!