திருகும் சுத்தியல்

கட்டட வேலைக்கான கம்பியில்லா இம்பாக்ட் டிரைவரை வாங்கப் போனால் பெட்டியின் மேலேயே '150 நியூட்டன் மீட்டர்' என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண எண் அல்ல அது. 1.2 லிட்டர் பெட்ரோல் காரின் எஞ்சின் தருகிற அதிகபட்ச முறுக்கு விசையே 110 சொச்சம்தான். இந்தக் கருவியோ பேட்டரியோடு சேர்த்தும் இரண்டு கிலோ வராது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைப்பிடியில் உள்ளங்கை படும் இடம், பிட் சுழலும் அச்சிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. 150-ஐ 0.1 மீட்டரால் வகுத்தால் 1,500 நியூட்டன். ஏறக்குறைய 150 கிலோ எடை கையைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம் இது. எந்த மணிக்கட்டும் இதைத் தாங்காது. ஆனால் ஏணிமேல் நிற்கும் ஆசாரி, நான்கு அங்குல ஸ்க்ரூவை ஒரே கையால் கட்டைக்குள் இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விலக்கு கிடையாது. அப்படியானால் அந்த எதிர்விசை எங்கே போகிறது?

விடை கருவியின் மூக்குக்குள் இருக்கிறது. அதைக் கழற்றினால் கிரீஸ் அப்பிய சில எஃகுத் துண்டுகள்தான் தெரியும். மோட்டார் சுழற்றும் ஒரு தண்டு, அதில் 'வி' வடிவத்தில் வெட்டிய இரண்டு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுக் குண்டுகள். இந்தக் குண்டுகளின் வழியாகத் தண்டோடு சேர்ந்திருக்கிறது கனத்த எஃகு வளையம் ஒன்று. அதுதான் சுத்தியல். அதன் முகத்தில் இரண்டு புடைப்புகள். எதிரே, பிட்டைப் பிடித்திருக்கும் பட்டடையில் இரண்டு காதுகள். சுத்தியலைப் பட்டடையோடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கிறது ஒரு தடித்த ஸ்பிரிங்.

ஸ்க்ரூ இலகுவாக இறங்கும்வரை எல்லாம் ஒன்றாகவே சுழலும். கட்டை இறுகியதும் பட்டடை தயங்கும். தண்டு நிற்காமல் சுழல்வதால் குண்டுகள் பள்ளத்தில் ஏறிச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் அமுங்கும். புடைப்பு காதைத் தாண்டிய கணத்தில் ஸ்பிரிங் விரியும். சுத்தியல் முன்னே பாய்ந்து, அரைச் சுற்றில் வேகமெடுத்து, அடுத்த காதின் பக்கவாட்டில் மோதும். நிமிடத்துக்கு 3,200 அடி என்றால் நொடிக்கு 53. இரண்டு அடிகளுக்கு இடையே சுமார் 19 மில்லிநொடி. மோதலோ ஒரு மில்லிநொடிகூட நீடிப்பதில்லை.

அந்த 19 மில்லிநொடியும் மோட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த கோண உந்தம், மோதும் அந்தத் துளி நேரத்தில் மொத்தமாகக் கைமாறுகிறது. நேரம் சுருங்கினால் விசை பெருகும். ஸ்க்ரூவின் எதிர்ப்பு சுத்தியலைத்தான் தடுத்து நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் சுத்தியல் கருவியின் உடலோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. ஆகவே கைக்கு வந்து சேர்வது மோட்டாரின் மெதுவான சராசரி முறுக்கு மட்டுமே. லாரிச் சக்கரத்தின் நட்டு அசையாதபோது ஸ்பேனரின் பிடியைச் சுத்தியலால் தட்டுகிறாரே மெக்கானிக், அங்கும் இதே இயற்பியல்தான்.

இந்தக் குணத்தின் மதிப்பை விண்வெளிக்காரர்கள் வெகு சீக்கிரம் உணர்ந்தார்கள். எடையற்ற நிலையில் மிதப்பவர் ஒரு போல்ட்டைத் திருகினால் போல்ட்டுக்குப் பதில் அவரே சுழலக்கூடும். அதற்காக 1960-களில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனமும் பிளாக் அண்ட் டெக்கரும் எதிர்விசை மிகக் குறைந்த பேட்டரிக் கருவி ஒன்றை உருவாக்கின. 1966 மார்ச்சில் ஜெமினி 8-இல் அது ஏறியது. விண்கலத்தின் உந்துபொறி ஒன்று கோளாறாகி, டேவிட் ஸ்காட்டின் விண்நடையே ரத்தானதால் அதைச் சோதிக்க முடியாமல் போனது. விண்ணுக்காக யோசித்த அதே சிக்கல்தான் இன்று ஏணிமேல் நிற்பவருக்கும்.

ஆனால் அடிக்கும் கருவிக்கு அளவு தெரியாது. ஒவ்வொரு அடியும் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திருப்பும், டிரிக்கரை நாம் விடும்வரை திருப்பிக்கொண்டே இருக்கும். கூரைத் தகட்டு வேலையில் இதன் விளைவைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவின் தலைக்கடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. அது தகட்டின்மேல் மெல்ல அமுங்கி உட்கார்ந்தால்தான் தண்ணீர் புகாது. இம்பாக்டில் அரை நொடி கூடுதலாகப் பிடித்தால் வாஷர் பிதுங்கி ஒருபக்கமாக வழிந்துவிடும். வெயிலில் அது வெடித்து, ஐப்பசி மழையில் சொட்டத் தொடங்கும்போது யாரும் கருவியைச் சந்தேகிப்பதில்லை. ஃபால்ஸ் சீலிங்கிலும் இதே கதை. ஜிப்சம் போர்டின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூவின் தலை உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் பிடிப்பே இருக்காது. இரும்புச் சட்டங்களை இணைக்கும் போல்ட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடுகிறது, இறுக்கமாக மாறுவது மிச்சமுள்ள சிறுபங்குதான். எண்ணெய் பட்டிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தப் பங்கும் மாறும். அதனால் கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சிடம் விடுவதே சரி.

சுவர் என்று வந்தால் அடியின் திசையே மாற வேண்டும். மரத்திலும் இரும்பிலும் பிட் சீவிக்கொண்டு போகிறது. கான்கிரீட்டை அப்படிச் சீவ முடியாது, நொறுக்கத்தான் முடியும். அதற்கு அடி பிட்டின் நீளவாக்கில், சுவரை நோக்கி விழ வேண்டும். இம்பாக்ட் டிரைவரின் அடியோ சுற்றுவாக்கில் விழுகிறது. எவ்வளவு பலமாக அடித்தாலும் ஜல்லிக்கு அது உறைக்காது.

பல்வேலைக் கருவி பிறந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். மகிட்டாவின் 18 வோல்ட் டிடிபி 141 நல்ல உதாரணம். இம்பாக்ட், ஹேமர் டிரில், டிரில், ஸ்க்ரூ டிரைவர் என்று அதில் நான்கு நிலைகள். டிரில் நிலைக்குத் திருப்பினால் சுத்தியல் பின்வாங்க முடியாதபடி பூட்டப்படும், பிட் சீராகச் சுழலும். ஸ்க்ரூ டிரைவர் நிலையில் நாம் வைத்த அளவை எட்டியதும் சுழற்சி நின்றுவிடும். ஜிப்சம் போர்டுக்கும் கீலுக்கும் வேண்டியது இதுதான். ஹேமர் நிலையில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கி, பிட்டை முன்னும் பின்னும் துள்ள வைக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: சுத்தியல் பூட்டப்பட்டதும் எதிர்விசை நேராக மணிக்கட்டுக்கு வரும். பிட் சிக்கினால் கருவி கையை முறுக்கும்.

அந்த ஹேமர் நிலையிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. நிமிடத்துக்கு 20,000-க்கு மேல் துள்ளினாலும் ஒவ்வொரு துள்ளலும் மிகச் சிறியது, அதுவும் நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. செங்கல் சுவரிலும் ஏ.ஏ.சி. பிளாக்கிலும் ப்ளக் அடிக்க 6 மில்லிமீட்டர் துளை போதுமென்றால் வேலை நடக்கும். ஆர்.சி.சி. தூணில் 12 மில்லிமீட்டர் ஆங்கர் போட வேண்டுமா, காற்றழுத்தப் பிஸ்டன் அடிக்கும் ரோட்டரி ஹேமர்தான் ஒரே வழி. அதன் எஸ்.டி.எஸ். பிட்டுகள் இதில் பொருந்தவும் பொருந்தாது, இதன் வாய் கால் அங்குல அறுகோணம்.

வோல்ட் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் ஐந்து தொடராக இருக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும், ஐந்தும் சேர்ந்து 21. சந்தையில் '21 வோல்ட்' என்று விற்பதும் பெரும்பாலும் அதே ஐந்து செல்கள்தான். பேட்டரியில் கேட்க வேண்டிய எண் ஆம்பியர் மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி ஆற்றல் கையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொன்றின் கருவியில் ஏறாது. அதனால் முதல் கருவியை வாங்கும்போதே அடுத்த ஐந்தாறு கருவிகள் யாருடையவை என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

நான் சொல்வது இதுதான். நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவருக்கு, ஒரே பேட்டரியில் ஓடும் தனி டிரில்லும் தனி இம்பாக்டும் மேல். ஏ.சி. மாட்டுபவர், ஜன்னல் பொருத்துபவர், மாடுலர் கிச்சன் போடுபவர் போன்று ஏணியிலேயே துளையிட்டு, ப்ளக் அடித்து, ஸ்க்ரூ இறக்குபவருக்குப் பல்வேலைக் கருவி கொடுத்த காசுக்குத் தகும். கூடவே காதடைப்பானும் வாங்கிவிட வேண்டும். எஃகின்மேல் எஃகு மோதும் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது இந்தக் கருவிகளில் வழக்கம். அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்கில் 97 டெசிபலுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம்.