ஒரு வசனம் போதாது

டிசம்பர் 31 நள்ளிரவில் தூத்துக்குடி, நாகர்கோவில், பாளையங்கோட்டை, சென்னை என்று எங்கும் தேவாலயங்கள் நிரம்பி வழியும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அதில் அச்சிட்டிருக்கும் வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரிலோ வேதாகமத்தின் நடுவிலோ இருக்கும். தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாய்க்கும் அதுதான் தெம்பு. இப்படி அடிக்கடி அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தம் மக்களைப் பற்றிக் கடவுள் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்பது அதன் சாரம்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவே வருகிறது. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் எகொனியாவையும் தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞர்களையும் சிறைபிடித்துச் சென்றான். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமில் எஞ்சியிருந்த எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி மக்கள் நடுவே நின்று, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கடவுள் பெயரால் அறிவிக்கிறார். கேட்பவர்களுக்கு இனித்த பேச்சு, ஆனால் பொய். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நன்மைக்காக ஜெபம் செய்யுங்கள் என்று எழுதுகிறார்.

எழுபது ஆண்டு என்றால் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அந்நிய மண்ணிலேயே புதைக்கப்படுவார்கள். 11ஆம் வசனம் அவர்களுக்குச் சொன்னது. இதைத் தெரிந்துகொண்டால் வசனம் சிறுத்துவிடாது, முன்பைவிடக் கனமாகும். உடனடி வெற்றிக்கான உறுதிமொழியாக இருந்தது, நீண்ட தோல்வியின் நடுவிலும் கைவிடாத கடவுளைப் பற்றிய சாட்சியமாக மாறுகிறது. வேதாகமம் முழுவதையும் சேர்த்து வாசித்துக் கிறிஸ்தவர்கள் உபதேசம் என்று சொல்லும் போதனைக்கும், வசனத்தைத் தனியாக எடுத்து ஆறுதல் தேடுவதற்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு எடுத்துக்காட்டே காட்டிவிடும்.

வேதாகமத்தை எழுதியவர்கள் வசன எண் எதுவும் போடவில்லை. இன்றுள்ள அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. பாரிசில் ஆசிரியராக இருந்து பின்னர் காண்டர்பரி பேராயரான ஸ்டீஃபன் லாங்டன் அவற்றை வகுத்தார் என்பது பொதுவான கருத்து. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் இன்னும் பிந்தியவை. ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் அவை வந்தன. கொரிந்து சபையார் பவுலின் நிருபத்தை முதலில் கேட்டபோது, யாரோ ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை உரக்க வாசித்திருப்பார். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். எண்கள் வந்ததால் ஓர் இடத்தைச் சட்டெனத் தேடி எடுப்பது எளிதானது. கூடவே ஒவ்வொரு வாக்கியமும் தனிப் பழமொழிபோலத் தோன்றத் தொடங்கியது. ஊரிலிருந்து வந்த கடிதத்தின் நடுவே ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பவர் யாரும் இல்லை. பவுலின் கடிதங்களுக்கு மட்டும் நாம் அதைச் செய்கிறோம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வேதாகமம் ஒரு நூல் அல்ல, ஒரு நூலகம். புராட்டஸ்டண்ட் சபைகளில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் விவிலியத்தில் 73. சட்டம், அரச வரலாறு, 150 சங்கீதங்கள், தீர்க்கதரிசனம், சுவிசேஷம், கடிதம், தரிசனம் என்று வகைகள் பல. சங்கீதத்தைச் சட்டம்போலவும் வெளிப்படுத்தின விசேஷத்தை நாளைய செய்தித்தாள்போலவும் வாசித்தால் தடுமாற்றம்தான் மிஞ்சும்.

அப்படியானால் உபதேசம் எங்கிருந்து வருகிறது? திரித்துவம் என்ற சொல் வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமே அதுதான்: கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சபை பின்னால் சேர்த்துவிட்டதா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. நான்காம் நூற்றாண்டில் இதே கேள்வி ஒரு பேரரசையே உலுக்கியது.

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியு என்றொரு குருவானவர் இருந்தார். நல்ல பேச்சாளர், கண்டிப்பான துறவு வாழ்க்கை வாழ்ந்தவர். குமாரன் மேலானவர், எல்லாவற்றுக்கும் முந்தியவர், ஆனாலும் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்பது அவர் போதனை. இதைப் பாட்டாகவும் எழுதினார். மாலுமிகளும் மாவரைக்கும் தொழிலாளிகளும் பாடுவதற்கென்றே அவர் மெட்டுக் கட்டினார் என்று பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

ஆரியு வேதாகமத்தை ஒதுக்கிவிட்டுப் பேசியவர் அல்லர். அவர் கையில் வசனங்கள் நிறைய இருந்தன. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் ஞானம் தன்னைக் கடவுள் ஆதியில் உண்டாக்கியதாகப் பேசுகிறது. அவர் காலத்துக் கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'படைத்தார்' என்றே இருந்தது. கொலோசெயர் முதல் அதிகாரம் கிறிஸ்துவைப் படைப்புக்கெல்லாம் முந்தின பேறு என்கிறது. யோவான் பதினான்காம் அதிகாரத்தில் பிதா தம்மைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்கிறார். இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஆரியுவின் வாதம் அசைக்க முடியாததுபோலத்தான் தெரியும்.

எதிர்த்தரப்பு அதே புத்தகங்களின் மற்ற பக்கங்களைத் திறந்தது. கொலோசெயரில் அடுத்த வசனமே சகலமும் அவருக்குள் படைக்கப்பட்டது என்கிறது. எல்லாமே அவரால் படைக்கப்பட்டது என்றால் அவரே படைப்புகளில் ஒன்றாக எப்படி இருக்க முடியும்? யோவானின் முதல் வசனம் கிறிஸ்துவை 'வார்த்தை' என்று குறிப்பிட்டு, அந்த வார்த்தையைக் கடவுள் என்றே அழைக்கிறது. இருபதாம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்ட தோமா அவரைத் தன் ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைக்கிறார்; இயேசு அதை மறுக்கவில்லை. சென்னை பரங்கிமலையோடும் மயிலாப்பூரோடும் மரபு இணைத்துப் பேசும் அதே தோமாதான் அவர்.

கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை நிசேயாவுக்கு வரவழைத்தார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்ற பெயரில் இருக்கும் ஊர் அது. ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினார்கள். குமாரன் படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். 'ஒரே தன்மையுடையவர்' என்பதற்கு அவர்கள் வைத்தது வேதாகமத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல் என்பதால் அங்கேயே பலர் தயங்கினார்கள். வேதாகமச் சொற்களை மட்டும் வைத்து எழுதலாம் என்றால், ஆரியுவின் ஆதரவாளர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் தங்கள் பொருளைச் சொல்லிக் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். எழுத்து அங்கே இல்லாவிட்டாலும் பொருள் அங்கே இருக்கிறது என்று பின்னாளில் விரிவாக வாதிட்டவர் அத்தனாசியு. நிசேயாவுக்கு வந்தபோது அவர் வெறும் உதவிக்குரு. 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். அதன்பின் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரசர்கள் மாறமாற உபதேசத்தின் காற்றும் திசை மாறியது, அவர் மாறவில்லை.

அத்தனாசியுவின் முக்கியமான வாதம் இலக்கணத்தைச் சார்ந்தது அல்ல, மீட்பைச் சார்ந்தது. படைக்கப்பட்ட ஒருவரால் மற்றொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது. கிறிஸ்து கடவுள் அல்லர் என்றால், முதல் தலைமுறையிலிருந்தே கிறிஸ்தவர்கள் செய்துவரும் வழிபாடு விக்கிரக ஆராதனை ஆகிவிடும். இந்த வழிபாட்டுக்கு வெளியாள் ஒருவரின் சாட்சியும் உண்டு. நிசேயா இருந்த பித்தினியா மாகாணத்துக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஆளுநராக இருந்தவர் பிளினி. சுமார் 112இல் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை ஒரு கடவுளாக எண்ணித் துதி பாடுகிறார்கள் என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். சபை முதலில் தொழுதது; பிறகுதான் தொழுததற்கான விளக்கத்தை வேதாகமம் முழுவதையும் புரட்டித் தேடியது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விரிவாக்கப்பட்ட அறிக்கையே இன்று நிசேயா விசுவாசப் பிரமாணம் என்று கோடிக்கணக்கானோர் வாயில் இருக்கிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் அதைத் தன் அமைப்புச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்ற வரையறை 451இல் கல்சதோனில் வந்தது. அந்த வரையறையின் சொற்களை ஏற்காத சபைகளும் உண்டு. கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சுரியானிச் சபைகள் அந்த மரபைச் சேர்ந்தவை.

மீட்பு பற்றிய உபதேசத்தில் சண்டை வேறு இரண்டு பக்கங்களுக்கு நடுவில். ரோமர் மூன்றாம், நான்காம் அதிகாரங்களில் மனிதன் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் பவுல். விசுவாசத்தால் மட்டுமல்ல, கிரியைகளாலும் என்கிறார் யாக்கோபு, தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில். இருவரும் எடுத்துக்காட்டுவது ஒரே ஆபிரகாமை; ஆதியாகமம் 15இன் ஒரே வசனத்தை. சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இதில் பொறுமை இழந்து, 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றே சொல்லிவிட்டார்.

இரண்டு நிருபங்களையும் முழுதாக வாசித்தால் இருவரும் வெவ்வேறு ஆட்களோடு பேசுவது தெரியும். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் கடவுளின் மக்களாக முடியும் என்றவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். யாக்கோபின் முன் இருப்பதோ, பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம் கொடுத்து ஏழையைத் தரையில் உட்காரச் சொல்லும் சபை; உடுத்தவும் உண்ணவும் இல்லாத சகோதரனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடும் சபை. பவுலும் கலாத்தியரில் அன்பினால் செயல்படும் விசுவாசத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஐரோப்பாவைப் பிளந்த இந்த வழக்கில், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: கிருபையால், கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தால், கடவுள் மனிதரை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்செயல்களுக்கு அவர்களைத் தயாராக்குகிறது. இரு தரப்பு அறிஞர்களும் பல ஆண்டுகள் ஒன்றாக உட்கார்ந்து வேதாகமத்தை வாசித்த பிறகு வந்த அறிக்கை அது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உயிர்த்தெழுதல். கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்ற கருத்தில் பவுலே எழுதுகிறார், 1 கொரிந்தியர் 15இல். தப்பித்துக்கொள்ள இடம் வைக்காத எழுத்து அது. இயேசு சிலுவையில் இறந்து கால் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்ட கடிதம். அதிலும், தமக்கு முன் இருந்தவர்களிடம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிப்பதாகச் சொல்லிவிட்டுச் சாட்சிகளின் பட்டியலைத் தருகிறார். சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன்பே சபை இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

தமிழரின் கதையிலும் உபதேசம் முந்தியே வந்தது. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்'. என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழில் தந்த, 16 பக்கமே உள்ள ஞானோபதேச நூல். முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் ஜெபங்களும் வாய்வழியாகவே பரவியிருந்த காலம் அது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேற இன்னும் 136 ஆண்டுகள் ஆயின. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த அது 1714-15இல் அங்கேயே அச்சானது.

உபதேசத்தை வாய்வழியாக மனப்பாடம் செய்யும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. திடப்படுத்தல் வகுப்பிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். அதன் ஒவ்வொரு தொடரும் வேதாகமத்தில் எந்தப் பக்கத்தின்மேல் நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. சொல்லிக்கொடுப்பவர்கள் கேட்பதே இல்லை, குறை அங்கேதான். ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் பிரமாணத்தில் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால், அதைவிட நல்ல வேதபாடம் கிடைக்காது. இயேசுவின் பாடு தேதியும் அதிகாரியும் உள்ள வரலாறு என்பதற்காகத்தான் அந்தப் பெயர். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லை 1961இல் இஸ்ரேலின் செசரியாவில் அகழ்வாளர்கள் கண்டெடுத்தார்கள்.

வேதாகமத்தை வாசிக்கத் தொடங்குபவர் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் களைத்துப்போவது ஊரறிந்த விஷயம். முதலில் ஒரு சுவிசேஷத்தை எடுப்பது நல்லது. மாற்கு மிகச் சிறியது. பிறகு ஆதியாகமம், யாத்திராகமம், அடுத்து ரோமர். யார் யாருக்கு எழுதினார், முன்னும் பின்னும் என்ன வருகிறது, இதே பொருளை வேறு புத்தகம் எப்படிச் சொல்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருந்தால் போதும். பக்க ஓரத்தில் ஒத்துவாக்கியங்கள் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் மூன்றாவது கேள்விக்குப் பாதி வேலை முடிந்தது. தனியாக வாசிப்பதைவிட நாலு பேர் சேர்ந்து வாசிப்பது மேல். ஒருவருக்குப் பிடித்த வசனத்தை இன்னொருவர் கேள்வி கேட்பார். மாற்கு பதினாறே அதிகாரம், உரக்க வாசித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, எங்கும் நிறுத்தாமல் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.