கண்ணாடி போய் சொட்டு மருந்து வந்தது

லேசிக் விளம்பரங்களில் வருபவர்கள் காலையில் கண்விழித்ததும் சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்கு எனக்குக் கண்விழிப்பதுதான் சிரமமாக இருந்தது. இமை விழியோடு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். சட்டென்று திறந்தால் கீறியதுபோல வலிக்கும்.

பார்வையில் குறை ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் 600 டிகிரிக்கு மேல் கிட்டப்பார்வை இருந்தவள் நான். இப்போது எதிர் புளோக்கின் எண் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. ஆனால், கையெழுத்து வாங்கிய தாளில் ‘சிலருக்குத் தற்காலிகமாகக் கண் வறட்சி ஏற்படலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். “எல்லாருக்கும் கொஞ்ச நாள் இருக்கும், சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடும்” என்றார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

லேசிக் சிகிச்சையில் முதலில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி திறப்பார்கள். அடியில் இருப்பதை எக்சைமர் லேசரால் செதுக்கிவிட்டு மூடியைத் திரும்பப் படுக்க வைப்பார்கள். இந்த லேசரில் நம் ஆள் ஒருவரின் கை உண்டு. சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981ல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியிருந்த திசு கருகாமல் வெட்டு சுத்தமாக விழுந்தது. கண்ணுக்கு அது வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.

வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நரம்பு வெட்டுப்படத்தான் செய்யும். கருவிழியில் நரம்பு முனைகள் தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூசி விழுந்தாலும் துடித்துப்போவது அதனால்தான். ‘காய்கிறது, நீர் சுரக்கட்டும், இமை மூடட்டும்’ என்று மூளைக்குச் சொல்பவையும் அவையே. மூடியை வெட்டும்போது அவற்றில் பெரும்பகுதி துண்டிக்கப்படுகிறது. சேதி போகாததால் கண்ணீர் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. நரம்புகள் மெல்ல மெல்ல வளர்கின்றன. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நிலைமை சீராகிறது. சிலருக்கு அதற்குப் பிறகும் நீடிக்கிறது. மிகச் சிலருக்கு நரம்பே கோளாறாகி, கண் ஈரமாக இருந்தாலும் எரிச்சல் நிற்பதில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு நடத்திய ஆய்வில், முன்பு கண் வறட்சியே இல்லாதவர்களில் 28 விழுக்காட்டினர் வரை, சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் அதன் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். இதை எப்படிச் ‘சிலர்’ என்பது?

இன்னொரு குழப்பம், வறண்ட கண்ணிலிருந்து நீர் கொட்டும். எரிச்சல் தாங்காமல் கண் ஒரேயடியாக நீரை இறைக்கும். அதில் எண்ணெய்ப் பசை போதாததால் நில்லாமல் வழிந்துவிடும். எம்ஆர்டியில் ஏர்கான் காற்று முகத்தில் பட்டுக் கண்ணீர் வழிய, பக்கத்திலிருந்த மூதாட்டி டிஷ்யூ நீட்டி, “பரவாயில்லம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று ஆறுதல் சொன்னார். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கைகொடுத்தவை சாதாரணமானவை. பதப்பொருள் சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளில் வரும் செயற்கைக் கண்ணீர். விலை கூடுதல்தான், ஆனால் மணிக்கொரு முறை விடுபவர்களுக்குப் பதப்பொருளே எரிச்சலைக் கூட்டும். இரவில் களிம்பு. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்க, தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம். அலுவலகத்தில் ஏர்கானுக்கு நேர் கீழே இருந்த இடத்தை மாற்றிக்கொண்டேன். இவை போதாதவர்களுக்கு அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும், கண்ணீர் வடியும் துளையில் வைக்கும் குட்டி அடைப்பானும் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரையைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். 2018ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை. விளக்கெண்ணெய், தேன் என்று வீட்டில் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். வெட்டுப்பட்ட கண்ணில் சமையலறைச் சாமான் எதையும் விடுவதற்கில்லை.

இவ்வளவு எழுதக் காரணம் என் அக்கா மகள். பாலிடெக்னிக் முடித்த கையோடு லேசிக் செய்யப்போகிறேன் என்று நின்றாள். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறதாம், அதனால்தானாம். அந்த உறுத்தலே கண் ஏற்கெனவே வறண்டிருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்படி வறண்ட கண்ணோடு போகிறவர்களுக்குத்தான் பின்னால் தொல்லை அதிகம். ஒவ்வாமை மாத்திரையும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையும்கூடக் கண்ணை உலர்த்தும். அவற்றைச் சாப்பிடுபவர் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு யாரும் செய்யாத இரண்டு சோதனைகளை அவளுக்குக் கேட்டு வாங்கினேன். ஒன்று, கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். மற்றது, மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில், இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணுவது. காகிதம் 6 மில்லிமீட்டர் நனைந்தது. படலம் ஐந்து விநாடிகூட நிற்கவில்லை. முதலில் இமைக்குச் சிகிச்சை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அப்போதும் லேசிக்கா வேறு முறையா என்று பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

“சித்தி, உங்களுக்கு மட்டும் கண்ணாடி வேண்டாம், எனக்கு வேணுமா?” என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் நேற்று அக்கா அழைத்தபோது, ஒத்தடத் துணி சூடாக இருக்கிறது என்று பின்னாலிருந்து அவள் புலம்புவது கேட்டது.