அடைபடும் முகத்துவாரம்

வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை



யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துபோய்விடும் ஒரு செய்தி இருக்கிறது. தம்மையே வாழ்வு தரும் உணவாகத் தருவதைப் பற்றி இயேசு பேசுகிறார். கேட்டவர்களில் பலர், அதுவும் அவருடைய சீடர்களாகவே இருந்தவர்கள், இதை யார் ஏற்றுக்கொள்ள முடியும் என்று முணுமுணுத்துக்கொண்டு அவரை விட்டுப் போய்விடுகிறார்கள். இயேசு அவர்களைச் சபிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து நிறுத்தவும் இல்லை. எஞ்சியிருந்த பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போக நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

ஆண்டவரின் முகத்தை நேரில் பார்த்தவர்களே அவரை விட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியானால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள நம் குப்பங்களில் ஒருவர் கோவிலுக்கு வருவதை நிறுத்தும்போது நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாம் சொல்லும் காரணங்களைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். "படிச்ச திமிரு." "நாலு காசு வந்ததும் சாமி மறந்துபோச்சு." "செல்போன் கெடுத்துடுச்சு." இப்படிச் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். போனவருக்கு என்ன நடந்தது என்று நாம் கேட்கவே இல்லை.

நம் ஏரியை நமக்குத் தெரியும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சு இந்த வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. முகத்துவாரம் திறந்திருக்கும்வரை ஏரிக்கு உயிர் உண்டு. அது எப்போது அடைபடுகிறது? புயல் அடிக்கும்போது அல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஆற்றுநீர் வரத்துக் குறைந்து, எல்லாம் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் அடைபடுகிறது. அலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கொண்டுவந்து போடுகிறது. ஒருநாள் படகு தரை தட்டும்போதுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம்.

விசுவாசமும் பெரும்பாலும் இப்படித்தான் அடைபடுகிறது. எந்த மணல் வந்து விழுகிறது என்று இன்று சிந்திப்போம்.

முதலாவது, துன்பம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை. சுனாமி நம் கரையையும் அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்னையைத் தேடி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் இருந்தார்கள். 2011 டிசம்பர் 25, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அன்றே நம் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கி இறந்தார்கள். ஜெபிக்க வந்த இடத்தில், திருநாள் அன்று, கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா அன்று காலை, ஆலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நம் பழவேற்காட்டில் 1515-இல் மகிமை மாதாவுக்கு ஆலயம் எழுப்பியதாகச் சொல்லப்படும் போர்த்துக்கீசியரின் தலைநகர் அது. ஐரோப்பா முழுவதும் அன்று இதே கேள்வியைக் கேட்டது.

இந்தக் கேள்வி பாவம் அல்ல. திருப்பாடல்களில் பாதிக்கு நெருக்கமானவை முறையீடுகள்தான். ஆண்டவரும் சிலுவையில் தந்தையிடம் ஏன் என்று கேட்டார். குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1897-இல், 24 வயதில் இறப்பதற்குமுன், கடைசி ஒன்றரை ஆண்டும் விண்ணகம் உண்டா என்ற இருளில்தான் தவித்தார். கொல்கத்தாவின் புனித அன்னை தெரேசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் கடவுளின் உடனிருப்பை உணராமலேயே ஏழைகளைத் தூக்கிச் சுமந்தார் என்பது 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது. இருள் வேறு, விசுவாச இழப்பு வேறு. இருளில் இருப்பவரும் கடவுளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார், கோபமாகப் பேசினாலும்கூட.

அப்படியானால் மணல் எங்கிருந்து விழுகிறது? துக்க வீட்டில் நாம் சொல்லும் பதில்களிலிருந்து விழுகிறது. "எல்லாம் கடவுளோட சித்தம்." "முன்னாடி என்ன பாவம் செஞ்சாங்களோ." பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொன்னால், அவள் கேட்பது என்ன? உன் பிள்ளையைக் கொன்றது கடவுள்தான் என்று கேட்கிறாள். அந்தக் கடவுளை அவள் எப்படி நேசிப்பாள்? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில் கடவுள் கோபம்கொண்டது கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்.

இரண்டாவது, பிழைப்பு. ஏரியில் மீன்பாடு முன்போல இல்லை என்று எல்லாக் குப்பத்திலும் பேச்சு. பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், ஸ்ரீசிட்டிக்கும், எண்ணூருக்கும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஞாயிறும் ஷிப்ட் உண்டு. இரவு வேலை முடித்து வந்த பையன் காலைத் திருப்பலி நேரத்தில் தூங்குகிறான். முதல் ஞாயிறு மனசு உறுத்தும். மூன்றாவது ஞாயிறு உறுத்தல் குறையும். ஆறு மாதம் கழித்துத் திருவிழாவுக்கு வந்தால், "என்னப்பா, வழி தெரிஞ்சுதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறோம். அதோடு அவன் திருவிழாவுக்கும் வருவதில்லை. அவன் கடவுளை மறுக்கவில்லை. அவனுக்கும் நமக்கும் நடுவில் வழி அடைபட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

மூன்றாவது, வளராத விசுவாசம். புதுநன்மை வாங்கிய வயதில் தைத்த சட்டையை இருபத்தைந்து வயதில் போட முடியாது. ஆனால் அந்த வயதில் கற்ற மறைக்கல்வியோடு வாழ்நாள் முழுவதும் போய்விடலாம் என்று நினைக்கிறோம். நம் பிள்ளைகள் ஏரிக்கரையில் நின்றபடியே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவதைப் பார்த்து வளர்கிறவர்கள். உலகம் ஆறு நாளிலா உண்டானது என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். "சாமி விஷயத்துல கேள்வி கேட்கக் கூடாது" என்று அதட்டினால், கேள்வியை நிறுத்தமாட்டார்கள், நம்மிடம் கேட்பதை நிறுத்துவார்கள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது என்று 1927-இலேயே எழுதிய அறிவியலாளர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. இதை எந்தப் பிள்ளைக்காவது நாம் சொல்லிக்கொடுத்தோமா?

நான்காவது காரணம் நாமேதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இதை மறைக்காமல் சொல்கிறது. கடவுள் இல்லை என்று சிலர் சொல்லும் நிலை உருவாக விசுவாசிகளும் சிறிதல்லாத காரணமாக இருக்கலாம். விசுவாசத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தும், சொல்லுக்கும் நடத்தைக்கும் பொருத்தமில்லாமல் வாழ்ந்தும், கடவுளின் முகத்தைக் காட்டுவதற்குப் பதிலாக மறைத்துவிடுகிறோம் என்பது அதன் கருத்து. முன்வரிசையில் முழந்தாள்படியிடுகிறவர் வட்டிக்குக் கொடுத்து வலையையும் படகையும் எழுதி வாங்கினால், பார்க்கிற சிறுவனுக்கு அது ஒரு மறையுரை. சமாதானம் பகிர்ந்துவிட்டு வெளியே வந்ததும் ஊர்ப்பகையைத் தொடர்ந்தால், அதுவும் ஒரு மறையுரை. பாதுகாக்க வேண்டியவர்களாலேயே திரு அவைக்குள் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள். "ஏன் கோவிலுக்கு வரவில்லை" என்று அவர்களைக் கேட்குமுன், நாம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அன்புக்குரியவர்களே, அடைபட்ட முகத்துவாரம் திரும்பத் திறக்காது என்றில்லை. மீனவர்களே ஊர்கூடி மண்ணை வெட்டி வழி திறந்ததும் உண்டு. அது ஒருவர் மண்வெட்டியால் ஆகிற வேலை அல்ல. "அவன் விசுவாசம், அவன் பார்த்துக்கட்டும்" என்று விடுவது, முகத்துவாரத்தை ஒருவன் தலையில் கட்டுவதற்குச் சமம்.

நம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் போற்றும் புனித தோமாவைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று பத்துப் பேர் சொன்னார்கள். அவர் நம்பமாட்டேன் என்றார். ஆனால் எட்டு நாள் கழித்து அவர் எங்கே இருந்தார்? அதே வீட்டில், அவர்களோடுதான் இருந்தார். நம்பாதவருக்கும் அங்கே சாப்பாடு இருந்தது, படுக்க இடம் இருந்தது. யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார். எம்மாவுக்குப் போன இருவரும் எருசலேமை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இயேசு வழிமறித்துத் திருப்பவில்லை. அவர்கள் போன திசையிலேயே சுமார் 11 கிலோமீட்டர் தூரப் பாதையில் கூட நடந்தார். முதலில் என்ன நடந்தது என்று கேட்டார், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகே மறைநூலை விளக்கினார்.

நம் ஏரியில் 'பாடு' என்ற முறை உண்டு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்று, இன்று இன்னார், நாளை இன்னார் என முறைவைத்து வலை போடுவது. வயிற்றுப்பாட்டுக்கு முறை வைக்கத் தெரிந்த நாம், துக்க வீட்டுக்குப் போவதற்கும் முறை வைக்கலாமே? அடக்கத்துக்கு ஊரே வருகிறது. முப்பது நாள் கழித்து யார் வருகிறார்கள்? ஒவ்வோர் அன்பியமும் ஒரு பாடு வைக்கட்டும். இந்த வாரம் இந்த வீட்டார், அடுத்த வாரம் அந்த வீட்டார் என்று துக்கம் நடந்த வீட்டில் ஓர் ஆண்டுக்குப் போய் உட்காரட்டும். விளக்கம் சொல்ல வேண்டாம். ஏன் இப்படி நடந்தது என்று கேட்டால், "எங்களுக்கும் தெரியலைம்மா" என்று உண்மையைச் சொல்லலாம். ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போகலாம். கோவிலுக்கு ஏன் வரவில்லை என்பதை முதல் கேள்வியாக்காமல், வேலை எப்படிப் போகிறது, தூக்கம் வருகிறதா என்று கேட்கலாம்.

இவ்வளவும் செய்தால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்களா? அதை நாம் சொல்ல முடியாது. விசுவாசம் கடவுளின் கொடை. அதை ஏற்பதும் விடுவதும் அவரவர் சுதந்திரம். ஆண்டவரே அந்தச் சுதந்திரத்தில் கைவைக்கவில்லை. மண்ணை வெட்டுகிறவர்கள் கடலை உண்டாக்குவதில்லை. நாம் கொண்டுபோய்ப் போட்ட மணலை நாம் அள்ளலாம். ஏற்றம் அவருடைய நேரத்தில் வரும்.

இன்று நம் நடுவில் அமர்ந்திருந்தும் ஜெபிக்க முடியாமல் இருப்பவர்களுக்காக ஜெபிப்போம். அவர்களால் முடியாத நாள்களில் அவர்களுக்கும் சேர்த்து நாம் விசுவசிப்போம். நமக்கு இருள் வரும் நாளில் அவர்களே நமக்காக அதைச் செய்யலாம்.

மகிமை மாதாவின் பரிந்துரையால் எல்லாம் வல்ல இறைவன் நம்மையும் நம் குப்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.