கேமரா பிடித்தவர் கையில் கத்தி வருமா?

நள்ளிரவில் ஒரு குடல்வால் ஆபரேஷன். பி.ஜி. மாணவர் வலது அடிவயிற்றில் கீறி, மூன்று தசை அடுக்குகளையும் வெட்டாமல் நார்ப்போக்கிலேயே விலக்கி உள்ளே போய்விட்டார். குடல்வாலைத்தான் காணவில்லை. எதிரே ரிட்ராக்டரைப் பிடித்து நிற்கும் உதவிப் பேராசிரியருக்கு வழி தெரியும். பெருங்குடலின் மேல் நாடாபோல ஓடும் தசைப்பட்டையைத் தொடர்ந்து போனால் குடல்வாலின் அடி கிடைத்துவிடும். ‘இங்கே கொடு’ என்று வாங்கினால் அவருக்கு இரண்டு நிமிட வேலை. ‘பட்டையைப் பிடிச்சுக்கிட்டே வா’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பத்து நிமிடம் ஆகும். காத்திருக்கும் சீனியர்கள் நமக்கு நிறைய வேண்டும்.

1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சிமுறைதான் இன்றும் அடித்தளம்: கை தேறத் தேறப் பொறுப்பைக் கூட்டிக்கொண்டே போவது. அதை இப்போது ‘ஸ்விஷ் அளவுகோல்’ நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதலில் சீனியர் செய்துகாட்டுவார். பிறகு வழிநடத்தியபடி உதவுவார். மூன்றாவதில், மாணவர் தானே முடிவெடுத்துச் செய்ய, சீனியர் கேட்ட உதவியை மட்டும் செய்வார். கடைசிப் படி வெறும் மேற்பார்வை. அந்த மூன்றாம் படியைச் சரியாக மிதிக்காமலேயே பலர் எம்.எஸ். முடித்து வெளியே வருகிறார்கள்.

லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு இது இன்னும் மோசம். பித்தப்பை ஆபரேஷன் என்றால் ஜூனியருக்குக் கிடைப்பது கேமரா. படம் ஆடாமல் பிடிப்பதும் ஒரு திறமைதான். ஆனால் அதிலேயே மூன்று வருடம் ஓடிவிட்டால்? பித்தப்பைக்குள் போகும் இரண்டே இரண்டு குழாய்கள் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் கிளிப் போட வேண்டும் என்ற பாதுகாப்பு விதி 1995-லிருந்து இருக்கிறது. அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடந்தால் அந்தத் தெளிவு கிடைக்காது. அப்போது பத்திரமான வழிகளில் ஒன்று வயிற்றைத் திறப்பது. திறந்து செய்யும் பித்தப்பை ஆபரேஷனைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்காத ஒரு இளம் சர்ஜன், தாலுகா மருத்துவமனையில் தனியாக நிற்கும்போது என்ன செய்வார்? தவறிப்போய்ப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால் அந்த நோயாளிக்கு ஆயுளுக்கும் தொல்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

நோயாளியின் உடம்பு பயிற்சிக்கூடம் அல்ல என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்தில் சீனியர் நிற்கையில் செய்யவிடாத முதல் ஆபரேஷனை, யாருமே இல்லாத இடத்தில் யாரோ ஒரு ஏழையின் வயிற்றில்தான் அவர் செய்யப்போகிறார்.

பி.ஜி.க்களுக்கு லாக்புக் உண்டு. பார்த்தது, உதவியது, உதவியோடு செய்தது, தானே செய்தது என்று அதில் குறிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் சீஃப்கள், ‘உதவியோடு செய்தது’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, கத்தி உண்மையில் யார் கையில் இருந்தது என்று கேட்டால் போதும். பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வரும். சிமுலேட்டரில் தையல் பழகலாம். ரத்தம் பீறிடும்போது எடுக்கும் முடிவு தியேட்டரில்தான் பழகும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், யார் செய்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். அனுபவமுள்ள சர்ஜன் கடைசிவரை கூடவே நிற்பார் என்று உறுதி கிடைத்தால், படிக்கிற பிள்ளை செய்வதற்குச் சம்மதம் கொடுங்கள்.