கமலா ஆடிய கொட்டகை

1947 பொங்கலுக்கு வந்தது ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் திரையில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதியின் சுதந்திரப் பள்ளு ஒலித்துவிட்டது. அதற்கு ஆடியவர் பன்னிரண்டு வயதுக் கமலா. மயிலாப்பூர் சபாக்களின் வாசற்படி ஏறியே இராத எத்தனையோ குடும்பங்கள் பரதநாட்டியத்தை முதலில் பார்த்தது இப்படித்தான், ஊர்க் கொட்டகையில்.

மாயவரத்தில் 1934இல் பிறந்தவர் கமலா. சிறு வயதில் பம்பாயில் லச்சு மகராஜிடம் கதக் பயின்றார். நான்கு வயதிலேயே ‘வாலிபர் சங்கம்’ (1938) படத்தில் தோன்றினார். பரதத்தை முறையாகக் கற்கவென்றே தாய் ராஜம்மாள் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தார். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளை, பிறகு வழுவூர் இராமையா பிள்ளை என்று குருமார்கள் அமைந்தார்கள்.

அந்தக் காலத்துக்குச் சற்று முன்புதான், 1935இல், அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி மேடையேறியிருந்தார். அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்று, அவர் சொல்லியே நம் மண்ணின் ஆடலைத் தேடி வந்தவர் அவர். இசை வேளாளர் குலப் பெண்கள் காத்துவந்த சதிர், மற்ற வீடுகளுக்குள் நுழைந்த கதையை எழுதுகிறவர்கள் அடையாறைச் சொல்வார்கள், மியூசிக் அகாடமியைச் சொல்வார்கள். சினிமாவைச் சொல்லத் தயங்குவார்கள். இந்தத் தயக்கம் நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மேடையில் ஒரு வர்ணம் முக்கால் மணி நேரம் போகும். நட்டுவனாரின் தாளமும் ஆடுபவரின் காலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடக்கும். அன்றைக்கு மனோதர்மம் கூடினால் ஒரு சஞ்சாரி நீளும். படத்தில் பாட்டு முன்பே பதிவாகிவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், பாட்டு யாருக்காகவும் காத்திராது. அந்த நெருக்கடியிலும் கமலாவின் அரைமண்டி தளரவில்லை. அந்நாளில் கேமரா பெரும்பாலும் தள்ளி நின்று முழு உருவத்தையும் காட்டியது நம் அதிர்ஷ்டம். வழுவூர் பாணிக்கே உரிய குழைவும், சட்டென்று சிலையாக உறையும் நிலைகளும் தலை முதல் கால் வரை பதிவாயின. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) குசலகுமாரியோடு அவர் ஆடும் போட்டி நடனத்தைப் பாருங்கள். அவருடைய வேகத்தில் அவசரம் இருக்காது. இராமையா பிள்ளை 1979இல் மறைந்தார். அன்றைய கச்சேரிகள் பெரும்பாலும் பார்த்தவர்களின் நினைவோடு போயின. அவர் சொல்லிக்கொடுத்தது ஓர் உடலில் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி.

1970இல் பத்மபூஷண் வந்தது. 1980இல் நியூயார்க்கில் குடியேறி, அங்கே அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். 2010இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை அறக்கொடை அமைப்பு அவருக்கு மரபுக்கலை விருது தந்து கௌரவித்தது.

இங்கே அவருக்குச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. மார்கழியில் காலை நேரங்களில் செயல்விளக்க உரைகள் நடத்துகிறோம். அதில் ஒரு காலையை ஒதுக்கி, கமலாவின் ஆடல் காட்சிகளைத் துலக்கி, பெரிய திரையில் போடலாம். பாட்டெழுதியவர், பாடியவர் பெயரோடு நடனம் அமைத்தவர் பெயரையும் சேர்க்க வேண்டும். வழுவூர் பாணி தெரிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று, அடவு அடவாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கட்டும்.